நாலு, ஒன்பது, பதிமூணு

பதினொரு வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்க ஒரு துப்பறியும் தொடரைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. ஒன்றில் முதல் நிமிடத்திலேயே பிணம். இன்னொன்றில் போலீஸ்காரர் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. சின்னப் பிள்ளைகளுக்கானதைப் போட்டாலோ, "நாய் பேசுதும்மா, எனக்கென்ன அஞ்சு வயசா?" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து துப்பறிகிறார்கள். மொத்தம் பதினாறு எபிசோடு. எனக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மதிய இடைவேளையில் ஒவ்வொன்றையும் முதலில் நான் போனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் போடுவேன். "சென்சார் ஆபீசர் சர்டிபிகேட் குடுத்தாச்சா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அடிக்கட்டும். நாலையும் ஒன்பதையும் பதிமூன்றையும் தாண்டிவிட்டேன். மகள் கேட்டதற்கு, "அதுல ரத்தம் ஜாஸ்தி" என்றேன். நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள் சொன்னால் நம்பத்தானே செய்வாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போயிருந்தார். மகள் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். டிவியைப் போடவில்லை.

"அம்மா, அந்த மூணு எபிசோடையும் ஃப்ரெண்டு வீட்ல பார்த்துட்டேன்."

"யாரைக் கேட்டுப் பார்த்தே?" என்று எகிறினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவள் அசையவில்லை.

"ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லைம்மா. ஆறாவது எபிசோடுல மண்டை உடைஞ்சு கொட்டுச்சு, அதைக் காட்டினே. நாலுல ஆஸ்பத்திரியில குழந்தை மாறிப்போகுது. ஒன்பதுல ஒரு பையன் தன்னைப் பெத்த அம்மாவைத் தேடுறான். பதிமூணுல தங்கச்சி பெத்த குழந்தையை அக்கா வளர்க்கிறாங்க." மூன்று விரலையும் மடக்கிக் காட்டினாள். "இந்த மூணுக்கு மட்டும் ஏன் பொய் சொன்னே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். எத்தனை காகிதத்தைப் பூட்டி வைத்திருப்பேன், எத்தனை சொந்தக்காரர் வாயை அடைத்திருப்பேன். பதினொரு வருடம் கசியாத விஷயம், நான் எதைக் காட்டவில்லையோ அதை வைத்தே வெளியே வந்து நிற்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"சித்திதானே?" என்றாள்.

சித்தி என்றால் என் தங்கை. பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமலே இவளைப் பெற்றாள். பிள்ளையில்லாத நான் வாங்கிக்கொண்டேன். இப்போது அவளுக்கு வேறு ஊரில் வேலை, வாரம் ஒரு போன், அவ்வளவுதான். இனி இவள் என்னை என்னவென்று கூப்பிடுவாள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"ஆமா" என்றேன்.

"என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், பிள்ளை ஆயுசுக்கும் எனக்குத்தான். தங்கையும் மறுத்துப் பேசமாட்டாள், அவள் சுபாவம் அப்படி. என் தலை பாதி ஆடியும்விட்டது. அந்தப் பாதிக்கே மகளின் முகம் செத்துப்போனது.

"இல்லைடி. உனக்கு மூணு வயசுல வந்து கேட்டா. வேலை கிடைச்சிடுச்சு, வீடு பார்த்துட்டேன், குடுத்துடு அக்கான்னு அழுதா. நான்தான் தரலை. பிள்ளைக்கு உன்னைக் கண்டாலே ஆகலை, நீ வந்துட்டுப் போனாலே அழுது காய்ச்சல் வருதுன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். நீ அவ மடியில சிரிச்சுக்கிட்டுதான் இருந்தே."

இதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ என்னை யாருமே வேண்டாம்னு சொல்லலையா?"

"எப்போ பார்த்தே அந்த மூணையும்?" என்று கேட்டேன்.

"போன மாசம்."

ஒரு மாதம். ஒரு மாதமாக இதை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், தலை பின்னிக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு எபிசோடையும் சலித்துச் சலித்துப் பார்த்த நான் இவள் முகத்தை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"போனைக் குடு" என்றாள்.

கொடுத்தேன். எண்ணை அவளே தேடி அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எடுத்ததும் இவள் வாயில் என்ன வார்த்தை வரப்போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சித்தி" என்றாள். "நீங்க திரும்பி வந்து என்னைக் கேட்டதை அம்மா சொல்லிட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.