பதினொரு நாள் முந்திய இடது சக்கரம்

நான் வாங்கிய பழைய ஜீப்பின் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரத்தைவிடப் பதினொரு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பதால் நான் ஆடி இருபத்தைந்தில் இருந்தேன். இடப்பக்கம் உட்கார்ந்து வந்த என் மனைவி மங்கையற்கரசி ஆவணி ஐந்தில் இருந்தாள். வண்டிக்குள் இருக்கும்வரை வித்தியாசம் ஒன்றும் தெரியாது. பேசிக்கொண்டே வருவோம். வீட்டு வாசலில் நிறுத்தி அவரவர் கதவைத் திறந்து இறங்கினால், அவள் அவளுடைய நாளில் இறங்குவாள், நான் என்னுடைய நாளில் இறங்குவேன்.

உள்ளே போனால் அடுப்பு சூடாக இருக்கும். சாம்பார் மூடி வைத்திருக்கும். ஆள் இருக்க மாட்டாள். மறுபடி வண்டியில் ஏறும்போதுதான் பார்த்துக்கொள்வோம். "ஆடிக்குப் பிரிச்சு வெச்சிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆடியில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

மலைக் கிராமங்களில் மழைமானி பார்த்து எழுதுவது என் வேலை. அந்தப் பாதைகளுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். எங்கள் ஊர் ஒரு மலையைச் சுற்றி இருக்கிறது. மலையைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் கிரிவலப் பாதை. ஜீப்பை எனக்கு விற்ற தேசிங்கு என்பவர் பத்தொன்பது வருடம் பௌர்ணமிதோறும் அந்தப் பாதையில் நீர்மோர் கொண்டுபோய்க் கொடுத்தவர். "ஒரு வாட்டிகூட மலைய இடமா சுத்துனது இல்ல சார், எல்லாம் வலம்தான்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. உடனே வாங்கிவிட்டேன். இடது சீட்டில் வைத்த மோர் மட்டும் சீக்கிரம் புளித்துவிடுகிறது என்று அவர் போகிறபோக்கில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெக்கானிக் அப்பாண்டைராஜ் காதில் போட்டுக்கொண்டார். அவருடைய ஷெட் கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. வலமாகச் சுற்றினால் இடது சக்கரம் வெளிப்பக்கம் ஓடும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது இருபத்தெட்டு அடி கூடுதலாக ஓடியிருக்கும் என்றார். மலை சின்னதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் அதே இருபத்தெட்டு அடிதானாம். நம்பாமல் ஒரு அட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே இருபத்தெட்டுதான் வந்தது. அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், எறிய மனம் வரவில்லை.

பிரேக்கும் சரியில்லை. மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. டிரம்மைக் கழற்றியபோது இடப்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் முழுக்க ஊறிப்போயிருந்தது. வலப்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதாவது நான் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் நான் நின்றேன், மங்கை நிற்கவில்லை. ஆனியில் வண்டி வாங்கியபோது ஒரு மணி நேரமாக இருந்த வித்தியாசம் இப்படித்தான் பதினொரு நாளாக வளர்ந்திருக்கிறது. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரிப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலைத் திறந்தார். இரண்டு சக்கரமும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் ஓட விட்டு, அதே சமயம் ஒன்றைவிட்டு ஒன்று போகாமல் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். உள்ளே நான்கு சின்னப் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி எண்ணெயில் நின்றன. அப்பாண்டைராஜ் வலப்பக்க எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"இது ஆடி."

இடப்பக்க எண்ணெயை முகர்ந்தார்.

"இது ஆவணி. பல்லுங்க நல்லாத்தான் கீது சார். நாளுதான் ஒரு பக்கமா ஒதுங்கிக்கினு கீது. அவங்களுக்கு எப்போ தேதி குடுத்துக்கிறாங்க?"

மங்கைக்கு அது ஒன்பதாம் மாதம். டாக்டர் ஆவணி எட்டு என்று சொல்லியிருந்தார்.

"அப்போ உங்களுக்கு இன்னும் பதினாலு நாள் கீது. அவங்களுக்கு மூணே நாள்தான்" என்றார்.

என் குழந்தை பிறக்கும்போது நான் ஆடியில் உட்கார்ந்து மழை அளந்துகொண்டிருப்பேன். நான் போய்ச் சேரும்போது தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும், அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் வேலை நடந்தது. வண்டி ஷெட்டில் நின்றதால் அந்த மூன்று நாளும் மங்கையை நான் பார்க்கவில்லை. அவளும் ஷெட்டுக்கு அவளுடைய நாளில் வந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பாண்டைராஜ் அச்சுக்கு அடியில், நட்டநடுவில் படுத்திருந்ததால் அவரால் இரண்டு பக்கமும் பேச முடிந்தது.

"ஊறுகா ஜாடிய எங்க வெச்சீங்கன்னு கேக்குறாங்க."

"பரண்ல."

"பரண்லயாம்மா." சற்றுப் பொறுத்து, "புள்ளத்தாச்சி பரண்ல ஏறணுமான்னு கேக்குறாங்க சார்."

அன்றைக்கே ஜாடியை இறக்கிக் கீழே வைத்தேன்.

மூன்றாம் நாள் பிரேக் தயாரானது. புது லைனிங், புது சிலிண்டர். இனி சேர வேண்டியது நாட்கள்தான். வலமாகச் சுற்றி வந்த வித்தியாசம் இடமாகச் சுற்றினால்தான் போகும். நாளுக்கு ஒன்றாகப் பதினொரு சுற்று. ஆனால் இடமாகச் சுற்றுவது சிதையைத்தான். நிறைமாதக்காரியை உட்காரவைத்து மலையை யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். நானும் மாட்டேன். அப்பாண்டைராஜும் அதைச் சொல்லவில்லை. பழந்துணியில் கை துடைத்தார். பிறகு பாதையைக் கடந்துபோய் மலை எதிரில் நின்றார்.

"மலைய நாங்க இடமா சுத்தக் கூடாது, வாஸ்தவம்தான்" என்றார். "நீ எங்கள எப்படிச் சுத்தணும்னு யாரும் சொல்லலியே. பதினோரு சுத்து. புள்ளத்தாச்சிப் பொம்பள உள்ள குந்திக்கினு இருக்குது."

திரும்பி வந்து வலது பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்தார். வலப்பக்கம் போகும் பிரேக் குழாயை அடைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். மங்கை பக்கத்தில் இருந்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"ஏங்க, வலி வந்திடுச்சு" என்றாள்.

"பிரேக்க மிதிச்சுப் புடிங்க சார்" என்றார் அப்பாண்டைராஜ். "இடது சக்கரம் அசையக் கூடாது. கால எடுத்தீங்கன்னா அவங்க ஆவணிக் கடைசிக்குப் போயிடுவாங்க."

மிதித்தேன். மலை கிளம்பியது.

சத்தமே இல்லை. எதிரில் இருந்த மலை மங்கையின் பக்கமாக நகர்ந்து, எங்கள் பின்னால் போய், என் பக்கமாக வந்தது. தன் பாறைகளையும் சுனைகளையும் குரங்குகளையும் தூக்கிக்கொண்டு வந்தது. பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் கும்பிட்டபடி நடந்துகொண்டே இருந்தார்கள். பூக்காரி ஒருத்தி ஒவ்வொரு சுற்றிலும் அரை முழம் கூடுதலாகக் கட்டியிருந்தாள். நிழல் எங்கள்மேல் ஏறி இறங்கும்போது ஓர் இரவு போனது. தூக்கி நிறுத்திய வலது சக்கரம் தானாகச் சுழன்றது. ஆடி முப்பது கடக்கும்போது மழை பெய்தது. நாலு மில்லிமீட்டர் இருக்கும். இத்தனை பெரியது எங்கள் இரண்டு பேருக்காக இவ்வளவு பொறுமையாக நடக்கிறதே என்று நினைத்தேன். கும்பிடக் கை எழுந்தது. ஆனால் ஒரு கையை மங்கை இறுக்கிப் பிடித்திருந்ததால் மறுகையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

ஏழாவது சுற்றில் என் கால் நடுங்க ஆரம்பித்தது. ஒன்பதாவதில் தொடை மரத்துப்போனது. மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுத்துடாதீங்க" என்றாள். நான் எடுக்கவில்லை. பிரேக்கும் பிடித்தது. அந்த லைனிங்கைச் செய்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

பதினொன்றாவது சுற்று முடிந்து மலை நின்றது. அப்பாண்டைராஜ் டிஃபரன்ஷியலில் விரலை விட்டு இரண்டு பக்கமும் முகர்ந்து பார்த்தார்.

"ஆவணி எட்டு" என்றார். "ரெண்டும்."

நான் என் கதவைத் திறந்து இறங்கினேன். மங்கை அவள் கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியின் முன்னால் வந்து நின்றபோது அவளும் வந்து நின்றாள். ஆனியிலிருந்து அவளை உட்கார்ந்தபடிதான் பார்த்திருக்கிறேன். நிற்கும்போது வயிறு அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இளைச்சிட்டீங்க" என்றாள்.

நான் அழுதேன். அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வண்டி நேராகப் போனது, மிதித்த இடத்தில் நின்றது. மாலை நாலேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகையை நான் அதே நாலேகாலில் கேட்டேன்.

முப்பதாம் நாள் கழித்து, குழந்தையைக் காட்ட மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனோம். எங்களைச் சுற்றியதில் மலையின் வெளிச்சரிவு கூடுதலாக ஓடி, நாளில் முந்திவிட்டது. அந்தப் பக்கத்து வீடுகளில் கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இன்னும் படியே கட்டவில்லை. பாதையோரம் ஜாக்கிகள் வரிசையாக நின்றன. அப்பாண்டைராஜ் மலைக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"சார், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுங்க" என்றார்.

நானும் மங்கையும் ஒரே நேரத்தில் குனிந்தோம். தலைகள் முட்டிக்கொண்டன. ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்கும் என்று மங்கை இன்னொரு தடவை முட்டினாள். பிறகு நான் ஸ்பேனரை எடுத்து மலைக்கு அடியில் நீட்டினேன்.