கெசையா வாய்திறந்த ஞாயிறு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வர்ஜீனியாவில் முப்பது வருஷமாக இருக்கிறேன். பழைய பண்ணை மாளிகை எதற்குள் போனாலும், ‘அடிமைகளைக் குடும்பம்போல நடத்தினார்’ என்று ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படி ஒருவரை நானே உண்டாக்கினேன். செனட்டர் ஆம்புரோஸ் கெட்ரெல், 1819.

2

அந்தி வெயிலில் புகையிலை வயல்கள் பொன்னாய்...

(வேண்டாம். வயலில் குனிந்து நின்றவர்களுக்கு அது பொன்னாகத் தெரிந்திருக்காது.)

அவருடைய அடிமை, சமையல்காரி கெசையாவிடமிருந்து தொடங்குகிறேன். கெட்ரெல் கடிதங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். காப்பி ஊற்றுகிறவளுக்கும் காது உண்டென்று அவருக்குத் தோன்றியதில்லை. ‘அடிமைமுறை பெரும்பாவம். என் வீட்டில் யார் விடுதலை கேட்டாலும் அன்றே கொடுப்பேன். எவரும் கேட்டதில்லை, அவ்வளவு நிறைவாக இருக்கிறார்கள்.’ பதினோரு வருஷமாக இதையே கேட்டாள். செனட் சபையில் அவர் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்த வசந்தத்தில், கெசையாவின் மகள் டாமரைத் தன் தங்கை மகளுக்குக் கல்யாணப் பரிசாக ஜார்ஜியாவுக்கு அனுப்புவதாக அறிவித்தார்.

3

முதல் பிரதியில் தாயையும் மகளையும் சதுப்புக்காட்டு வழியாக ஓடவிட்டேன். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன். கெசையா வேறு மாதிரி ஆள்.

ஞாயிறு மதிய விருந்து. ஒரு நீதிபதியும், அந்தக் கடிதங்களைப் பெற்ற பிலடெல்பியா நண்பர் பிம்மும் மேசையில். பன்றித்தொடைத் தட்டை வைத்துவிட்டுக் கெசையா நகரவில்லை.

“ஐயா, நான் கேக்குறேன்.”

“என்னத்த?”

“விடுதலை. எனக்கும் எம் மவளுக்கும். கேட்டா அன்னிக்கே தருவேன்னு இந்த ஐயாவுக்கு எழுதுனீங்களே.”

“யாரு சொன்னது உனக்கு?”

“நீங்கதான். பதினோரு வருசமா, சத்தமா.”

பிம் முட்கரண்டியை வைத்தார். “அந்தக் கடுதாசிய ஊரெல்லாம் படிச்சுக் காட்டிப் பெருமையடிச்சேனே ஆம்புரோஸ்! பொய்யா எழுதுன?”

“சாப்பிட்டுட்டுப் பேசலாமே...” என்றார் கெட்ரெல்.

“விடுதலைத் தாளுக்குச் சாட்சி ரெண்டு பேரு வேணுமாமே ஐயா,” என்றாள் கெசையா. “இருக்காங்க. சாப்பாடு ஆறாது, மூடி வெச்சிருக்கேன்.”

நீதிபதி இருமினார். கெட்ரெலின் காது சிவந்தது. நல்லவர் என்ற பெயரை பிம்முக்கு முன்னால் இழக்க அவரால் முடியவில்லை. விடுதலைத் தாளை எழுதிக் கையெழுத்திட்டார்.

(அவர் மனம் மாறியதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கெசையாவுக்கு அது தேவைப்படவும் இல்லை.)

4

மறுநாள் காலை, தாளை மார்பில் செருகிக்கொண்டு மகளோடு பிம்மின் வண்டியில் ஏறினாள். வாசலில் வரிசை. குதிரைக்காரர், நெசவுக்காரி, வயலாட்கள்.

“ஐயா, நாங்களும் கேக்குறோம்!”

“வண்டிய நிறுத்துங்க,” என்றார் பிம். கெசையா தலையை வெளியே நீட்டி, “இன்னும் சத்தமாக் கேளுங்க!” என்று கத்தினாள். டாமர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

செனட்டர் என்ன செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் அவருக்குக் கொடுத்த இடம் போதும். வரிசையில் எத்தனை பேர் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். என் பிரதியில் நாற்பத்திரண்டு பேர். அந்தப் பண்ணையில் மிச்சமிருந்த அடிமைகளே அவ்வளவு பேர்தான்.