ஆட்சேபணை இல்லை

வாக்குகளைத் திரும்ப எண்ணப் போகிறார்கள், நம் பக்கத்திலிருந்து மேசையில் உட்கார ஒரு பார்வையாளர் வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சம்பளம் கிடையாது, சீட்டுகளைத் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்றான். கடைசி நிபந்தனையைச் சொல்லிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க எங்கள் வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அரசியலுக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அம்மா போன பிறகுதான் இந்த ஆசை வந்தது. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் சந்தைத் தெருவில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் சரக்கு வண்டிகள், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அண்ணன், அதற்குள்ளே அம்மாவின் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். சந்தையை ஊருக்கு வெளியே மாற்றி அந்தத் தெருவைத் திறந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் நகர சபைக்கு நின்றதற்குக் காரணம்.

அதே சந்தைத் தெருவில்தான் அப்பாவின் மரப்பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். அந்தத் தெருக் கடைக்காரர்கள்தான் அம்மா போன பிறகு மாதக்கணக்கில் அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டவர்கள். ஆரம்பத்தில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. தெருவைத் திறந்துவிட்டால் அவள் எழுந்து வந்துவிடுவாளா என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாக்குப்பதிவு அன்று சாவடியை விட்டு வெளியே வந்ததும், கேட்டவர்களிடமெல்லாம், என் பையனுக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணனுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

முதல் எண்ணிக்கையில் அண்ணன் மூன்றே வாக்கில் ஜெயித்தான். எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. அவர் மறு எண்ணிக்கை கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

எண்ணிக்கை நடந்தது ஒரு பாட்மின்டன் கூடத்தில். சீட்டுகள் பறந்துவிடும் என்று மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நுழைந்த உடனேயே வேர்த்து ஊற்றியது. ஆட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணுகிறவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். காலை ஒரு இஞ்ச் நகர்த்தினாலும் காவலர் தொண்டையைச் செருமினார். வேட்பாளர்கள் சுவரோரமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியையின் கணவர். எங்களுக்கு ஒரு வாக்கு விழும்போதெல்லாம் மனிதர் இருமினார். அவர்களுக்கு விழுந்தால் நெஞ்சு சுத்தமாக இருந்தது. மனதுக்குள் அவருக்கு இருமல் என்றே பேர் வைத்துவிட்டேன்.

விரலில் ரப்பர் உறை மாட்டிய ஒரு பெண் ஒவ்வொரு சீட்டாக எடுத்து எங்களுக்குக் காட்டிவிட்டு அதனதன் அடுக்கில் வைத்தார். நான் கண் இமைக்கவில்லை. நடுவில் எங்கள் சீட்டு ஒன்று அவர்கள் அடுக்குக்குப் போனதைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். திருத்தினார்கள். இருமல் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒட்டிக்கொண்டிருந்த சீட்டுகளைக் கண்டுபிடித்துப் பிரிக்கச் சொன்னார், பிரித்ததில் எல்லாமே அவர்களுக்கு. எங்கள் மூன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசிக் கட்டு முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தரையில் இருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சம் இருந்தது தனித் தட்டில் வைத்திருந்த ஒரே ஒரு சந்தேகச் சீட்டு. வேட்பாளர் பேருக்கு எதிரே அச்சடித்த பெட்டிக்குள் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது விதி. இதில் வேறு ஏதோ குறி இருந்ததால் எண்ணுகிற பெண் ஒதுக்கி வைத்திருந்தார். தேர்தல் அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வேட்பாளர்களையும் மேசைக்குக் கூப்பிட்டார். அண்ணன் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அதிகாரி சீட்டை எங்கள் முன்னால் விரித்தார்.

தலைமையாசிரியையின் பெட்டிக்குள் இரண்டு சின்னக் கோடுகள், கீழே ஒரு புள்ளியில் வந்து சேர்ந்திருந்தன. வலது கோட்டின் மேல் குறுக்கே ஒரு சிறு வெட்டு. அவ்வளவுதான்.

அது எங்கள் அப்பாவின் குறி.

பலகையில் அளவு எடுத்தால் தச்சர்கள் ஒற்றைக் கோடு போட மாட்டார்கள். கோட்டுக்கும் தடிமன் உண்டு, அறுக்கும்போது அளவு தப்பிவிடும். அதனால் அம்பு மாதிரி போடுவார்கள், அதன் கூர்மையான நுனிதான் அளவு. இதை எல்லாத் தச்சர்களும் செய்வார்கள். குறுக்கு வெட்டு மட்டும் அப்பாவுடையது. இரண்டாம் தடவையும் அளந்துவிட்டேன், இனி அறுக்கலாம் என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட அடையாளம். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் அது இருக்கிறது. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து விளையாடும்போது அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

எனக்குக் காதெல்லாம் அடைத்துப்போனது. முதலில் வந்தது கோபம்தான். பெற்ற பிள்ளைக்கு எதிராகப் போட்டுவிட்டு, வெளியே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு என்ன பேச்சு பேசினார்! அதுவும் ஏதோ அவசரத்தில் போட்டதில்லை. இரண்டாம் தடவை அளந்துவிட்டுப் போட்டிருக்கிறார்.

அதிகாரி நிதானமாக விதியைப் படித்தார். குறி வேறாக இருந்தாலும் யாருக்குப் போட்டிருக்கிறார் என்பது தெளிவாக இருக்கிறது, அதனால் இது செல்லும் வாக்கு என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம். இந்தக் குறியை வச்சு, போட்டது யாருன்னு அடையாளம் தெரிஞ்சா சீட்டு செல்லாது. அப்படித் தெரியும்னு சொல்றவங்க, யாருன்னு இங்கேயே பேரைச் சொல்லணும். நான் விசாரிச்சுப் பதிவு பண்ணணும். ஆட்சேபணை இருக்கா?"

இந்தச் சீட்டு செல்லாவிட்டால் சமம். சமம் என்றால் குலுக்கல், அண்ணனுக்குப் பாதி வாய்ப்பு உண்டு. செல்லுமானால் ஒரு வாக்கில் தோல்வி. அந்தக் கூடத்தில் இதை மாற்றக்கூடியவள் நான் ஒருத்திதான். என் அப்பா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார். இத்தனை பேருக்கு முன்னால் அவரை நிறுத்திக் கேட்பார். பின்னால் நிற்கிற அண்ணனுக்கு, தன் அப்பா தனக்குப் போடவில்லை என்பது என் வாயால் தெரியும். அம்மா போனதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிற இரண்டு பேர்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தலைக்கு மேலிருந்து குரல் கேட்டது.

"ஆட்சேபணை இல்ல சார்," என்றான் அண்ணன்.

அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாமா என்று இருந்தது. சீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் பெரிய தர்மவான் மாதிரி தூக்கிக் கொடுத்துவிட்டான். பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு திரிகிறவனுக்கு அப்பாவின் குறி எங்கே நினைவிருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பார்வையாளராக நானும் தனியாகச் சொல்ல வேண்டுமாம். ரப்பர் உறைப் பெண் என்னையே பார்த்தார். இருமல் மூச்சு விடக்கூட மறந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த அந்தக் குறியை இன்னொரு தடவை பார்த்தேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித் திரைக்குப் பின்னால் போட்டது. அதைப் பார்த்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இல்ல," என்றேன்.

தலைமையாசிரியை அண்ணனின் கையைப் பிடித்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். இருமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பாவம். நான் பார்வையாளர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் காவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது.

அண்ணனுடையது கற்றுக்கொடுக்கிற கார். ஓட்டுகிறவர் பக்கம் இருக்கிற மாதிரியே வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவன் ஓட்டினான், நான் வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தேன். பேசினால் அவனைத் திட்டிவிடுவேன், திட்டினால் காரணத்தைக் கொட்டிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சந்தைத் தெரு முனையில் திரும்பும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அப்பா கேட்டா ஒரு ஓட்டுன்னு சொல்லாதே. இருபத்திரண்டுன்னு சொல்லு."

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த சரக்கு வண்டிக்காரன் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அந்தக் கட்டிலுக்கு அடியில நான் மட்டும் படுக்கலையா?"

அவ்வளவுதான் சொன்னான். வருத்தமா என்று கேட்டேன். ரொம்ப என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நாளைக்கு எப்படியும் தெரிந்துவிடுமே என்றேன். நாளைக்குத் தெரியட்டும், இன்றைக்கு அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும் என்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் அவனை என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

அப்பா பட்டறையில் ஒரு கதவுப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். காதில் பென்சில், கையில் அளவு நாடா. எங்கள் முகத்தைப் பார்த்ததும் முடிவு அவருக்குப் புரிந்துவிட்டது. தோற்றுவிட்டாயா என்று கேட்கவில்லை.

"எத்தனையில போச்சு?" என்றார்.

"இருபத்திரண்டுப்பா," என்றான் அண்ணன்.

அப்பாவின் தோள் இறங்கியது. பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். ஒன்று இரண்டில் போயிருந்தால்தான் மனசு ஆறாது, இத்தனை வித்தியாசம் என்றால் ஊர் சொன்ன முடிவுதானே, விடு என்றார். அண்ணன் தலையாட்டினான். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல. நாடாவை இழுத்து, பலகையில் அளவு எடுத்து, பென்சிலால் குறி போட்டார். இரண்டு கோடு. மறுபடி ஒரு தடவை அளந்தார். குறுக்கே வெட்டினார்.

அண்ணன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அப்பா நிமிர்ந்தபோது நாங்கள் இருவரும் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேசையில நீதானே உட்கார்ந்திருந்தே?"

ஆமாம் என்றேன்.

"எல்லாச் சீட்டையும் காட்டினாங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பாவின் கட்டைவிரல் அந்தக் குறியின் மேல் போய், தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. பென்சில் கரி மரத்தில் பரவியதே தவிர, போகவில்லை.

"உண்மையைச் சொல்லுடா," என்றார் அண்ணனிடம். "எத்தனை?"

அண்ணன் அவர் கையைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸில் அம்மாவின் கையை அப்படித்தான் வைத்திருந்திருப்பான் என்று தோன்றியது.

"இருபத்திரண்டுதாம்பா," என்றான். "வாங்க, சாப்பிடப் போகலாம்."