அத்தானோடு போன மட்டை

அறுபதைத் தாண்டிய வயதில் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோல்ஃப் மைதானம் முழுக்கத் தம்பியின் பின்னால் நடக்க வேண்டும் என்று அக்காவுக்கு என்ன தலையெழுத்தா? இல்லைதான். ஆனால் தம்பியின் வாய்க்குப் பயந்து வேறு யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை. இருமினால் எரிந்து விழுவான், தும்மினால் சண்டைக்குப் போவான். அக்காவிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்வான். சுருட்டாமல்தான் இருந்து பார்க்கட்டுமே!

அது ஐம்பதைக் கடந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான சீனியர் போட்டி. அன்று கடைசி நாள். முப்பது வருடமாக ஆடியும் தம்பிக்கு ஒரு கோப்பைகூட வாய்த்ததில்லை. இந்த முறை ஜெயித்தால்தான் அடுத்த வருடமும் சீனியர் போட்டிகளில் இடம் உண்டு. இல்லையென்றால் மட்டைகளைப் பரண்மேல் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மைதானமும் லேசுப்பட்டதில்லை. பதினேழு குழி வரைக்கும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, கடைசிக் குழியில் காலை வாரிவிடும். அங்கே புல்பாதை ஓர் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த ஏரிக்கு மைதானத்து ஆட்கள் வைத்த பெயர் மாமியார். எவ்வளவு போட்டாலும் போதாதாம்! பெரிய மட்டையால் ஏரிக்கு மேலேயே தூக்கி அடித்தால் பந்து கொடிக்குப் பக்கத்தில் போய்விடும், தப்பினால் தண்ணீர். இரும்பு மட்டையால் ஏரியோரமாகவே அடித்தால் தூரம் குறைவு, ஆபத்தும் குறைவு. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் முன்னிலையில் வந்த தம்பி, வீராப்பாகத் தூக்கி அடித்து மாமியாருக்குத்தான் பந்தைக் கொடுத்தான்.

"இந்தத் தடவை ஓரமாவே அடிக்கிறேன்க்கா, சத்தியமா" என்று காலையில் சொல்லியிருந்தான். அவன் சத்தியம் அக்காவுக்குத் தெரியாதா?

பதினேழாவது குழி முடிந்தது. தம்பியைத் துரத்தி வந்தவர் ஏற்கெனவே ஆட்டத்தை முடித்திருந்தார். கடைசிக் குழியை நாலு அடியில் முடித்தால் கோப்பை தம்பிக்கு. அவன் ஏரியைப் பார்த்தான். அவன் கண்ணில் அந்தப் பழைய பளபளப்பை அக்கா கண்டுகொண்டாள்.

கூட்டத்தைத் தடுத்திருந்த கயிற்றுக்கு அப்பால் அவள் கணவர் நின்றிருந்தார். அக்கா பெரிய மட்டையை உருவி அவர் கையில் திணித்தாள்.

"இதை வண்டியில போட்டு நேரா வீட்டுக்குக் கொண்டு போங்க."

"கடைசிக் குழிய பாக்க வேணாமா?"

"டிவியில பாத்துக்கலாம். கெளம்புங்க!"

மனிதர் மட்டையோடு கிளம்பினார்.

தம்பி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினான். "பெரிய மட்டைய குடுக்கா."

"அது அத்தானோட வீட்டுக்குப் போயிடுச்சு."

தம்பிக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. "என்னக்கா, விளையாடுறியா?"

"நீதான்டா விளையாடணும். இரும்பு மட்டைய எடு."

"இத்தனை பேர் பாக்கறாங்க, எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

"தண்ணியில போட்டா இன்னும் நல்லாப் பாப்பாங்க. அடிடா!"

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு அடித்தான். பந்து ஏரியோரப் பாதையில் பத்திரமாக விழுந்தது. இரண்டாவது அடி கொடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. மூன்றாவது அடியில் இன்னும் நெருங்கியது. ஆனாலும் குழிக்கு ஓர் ஆள் நீளம் பாக்கி.

"பந்து இடது பக்கம் சாயுமாக்கா?" கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, மெல்லக் கேட்டான்.

"சாயாது. நேராத் தட்டு" என்றாள் அக்கா.

தட்டினான். பந்து உருண்டது, உருண்டது, விளிம்பில் தயங்கியது, உள்ளே விழுந்தது.

அடேயப்பா, எழுந்த ஆரவாரம்! ஜெயித்துவிட்டான்! அக்கா பையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு, மூட்டுவலியை மறந்து குதித்தாள். தம்பி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல விம்மினான்.

கோப்பை கைக்கு வந்ததும் டிவிக்காரர் மைக்கை நீட்டினார். "கடைசிக் குழியில ரொம்ப நிதானமா ஆடினீங்களே சார், அது யாரோட யோசனை?"

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "எல்லாம் என் யோசனைதாங்க! அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல? சின்னப் பசங்க மாதிரி நாங்க அவசரப்பட மாட்டோம்."

கூட்டம் கைதட்டியது. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடேய், புளுகு மூட்டை! மறுகணமே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த தம்பியைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறாள். அவன் பீற்றிக்கொள்வதை இன்றைக்குத்தான் காது குளிரக் கேட்கிறாள்.

"மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிப்பா" என்றாள் டிவிக்காரரிடம். "அவன் பேசறது எல்லாருக்கும் கேக்கட்டும்."