தாயும் குட்டியும் ஒரே அளவு

குதிரைக்குட்டிக்குத் தன் பெயரை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது மார்னிக்கு முகம் காது வரை சிவந்தது. கால்நடை மருத்துவராகி அவளுக்கு அது முதல் வசந்தம்.

“நீங்க சொன்னப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடே இறங்குச்சு, கண்ணு,” என்றாள் பண்ணைக்காரி டார்லீன் போனில். “அதான் மார்னின்னே வச்சுட்டோம்.”

அந்தப் பெண் குட்டி நாள் கடந்துதான் பிறந்தது. ஆனாலும் குறைமாதக் குட்டியைப் போல மயிர் பட்டாக இருந்தது. காது தொங்கியது. முன்னங்கால்கள் மடங்கி மடங்கி வந்தன. பிறந்த அன்றே மார்னி தாய்க்கும் குட்டிக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினாள். தைராய்டு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆய்வகம் பக்கத்தில் அச்சிட்டிருந்த எல்லைக்குள் கச்சிதமாக இருந்தது.

“அம்மாவும் பொண்ணும் ஒரே அளவு. பயப்பட ஒன்னுமில்ல. வெளிய ஓட விடுங்க, ஓட ஓட கால் நிமிர்ந்துடும்,” என்று சொல்லியிருந்தாள். டார்லீனின் கணவர் ஒரெஸ்ட் ஒரு டப்பா நிறையப் பெரோகிக் கொழுக்கட்டை கட்டிக் கொடுத்தார்.

அதன்பின் புதுக் குட்டி என்றால் தைராய்டும் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. அடுத்த வாரம் வேறொரு பண்ணைக் குட்டியின் முடிவு வந்தது. துள்ளித் திரிகிற குட்டி. அளவோ தாயைப் போலப் பத்து மடங்கு. எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஆய்வகத்தைக் கோபத்தோடு அழைத்தாள். காத்திருக்கச் சொன்னார்கள். பாட்டு ஓடியது.

பாட்டின் நடுவில் நினைவு வந்தது. பிறந்த குட்டிக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். இறுதித் தேர்வில் வந்த கேள்வி. அவளே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதில். அச்சிட்டிருந்த எல்லை வளர்ந்த குதிரைக்கு; குட்டிக்கு அந்த அளவு மிகக் குறைவு.

“சொல்லுங்க, என்ன பிரச்சினை?”

“ஒன்னுமில்ல. மன்னிச்சுக்கோங்க.”

தைராய்டு குறைந்து பிறந்த குட்டிக்கு முழங்காலின் சிறு எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். கொட்டிலை விட்டு வெளியே விடக் கூடாது. அவள் ஓட விடச் சொன்னாள்.

டார்லீன் போனை எடுக்கவில்லை. மார்னி வண்டியை எடுத்தாள். சரளைச் சாலை நெடுக ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்: ஆய்வகத்துல இப்பதான் திருத்தி அனுப்பினாங்க. மூன்றாம் தடவை அது உண்மை போலவே கேட்டது.

வண்டியை விட்டு இறங்கும்போதே தன் பெயர் காதில் விழுந்தது.

“ஓடு மார்னி! ஓடுடி செல்லம்!” வேலியோரம் டார்லீன் கை தட்டிக்கொண்டிருந்தாள். பனி உருகிய சேற்றில் குட்டி அவளை நோக்கி ஓடி வந்தது. அடிக்கு ஒரு தரம் இடது முழங்கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.

பொய் வாய்க்கு வரவில்லை. “உள்ள கட்டுங்க. நான் முடிவைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். ஆய்வகம் சரியாத்தான் அனுப்புச்சு. தப்பு என்னோடது.”

எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தன.

“பொழைக்குமா?” என்றார் ஒரெஸ்ட்.

“பொழைக்கும். நடக்கும். மேல ஏறி சவாரி மட்டும் செய்ய முடியாது.”

“வாரம் முழுக்கக் கை தட்டி ஓட விட்டோமே,” என்றாள் டார்லீன்.

மார்னி தரையைப் பார்த்துக்கொண்டே, “பேரையாவது மாத்திடுங்க,” என்றாள்.

“எதுக்கு?” என்றார் ஒரெஸ்ட். “கூப்பிட்டா திரும்பிப் பாக்குது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான்.”

வாரா வாரம் குட்டியின் காலில் போட்டிருந்த கட்டை மாற்ற அவள் போனாள். கொட்டிலில் ஒரெஸ்ட் குட்டியை அணைத்துப் பிடித்துக்கொள்வார்.

“மார்னி, காலை நேரா வை. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

குட்டி அசையவில்லை. வைக்கோலில் மண்டியிட்டிருந்தவள் சட்டென்று தன் காலை இழுத்துக்கொண்டாள்.