சவேலியோவின் எடை

இது பெரும்புயல் அடித்த வருஷத்துக்கு முந்தியா பிந்தியா என்று சாலெவாயோ ஊரில் இப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இதைச் சொல்கிறவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அன்று மழை பெய்தது என்பவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் துணி காய்ந்துகொண்டிருந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகமில்லாத விஷயம் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை காலை சவேலியோ தூங்கி எழுந்தபோது அவன் எடை ஒரு சிமென்ட் மூட்டை அளவு கூடியிருந்தது. உடம்பு ஊதவில்லை, முகம் வீங்கவில்லை, பழைய சட்டை பழையபடியே பொருந்தியது. அவன் படுத்திருந்த பாய்க்குக் கீழே தரையில் பரப்பியிருந்த கூழாங்கற்கள் மட்டும் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தன. அவன் மனைவி இயானெட்டா கற்களை வாரி மேடாக்கிவிட்டு, அடுப்புக்குப் போனாள்.

சவேலியோ அதுவரை ஊர் ரக்பி அணியில் ஓரத்தில் ஓடுகிறவன். சவாயி தீவின் இந்தப் பக்கத்தில் அவன் கையில் பந்து போய்விட்டால் எதிரணியில் பாதிப்பேர் துரத்தாமலே நின்றுவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் பந்தை வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் கால் முழங்கால்வரை மைதானத்துக்குள் போய்விட்டது. கொக்கோ வியாபாரியின் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பன்றி ஒன்றும் அதன் குட்டிகளும் சேர்ந்த எடை காட்டியது. வியாபாரி தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அது ஒழுங்காக வளர்ந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் சவேலியோவுக்கு எடை வரும். கொஞ்சம்தான், ஒரு தேங்காய் அளவு. மாரி பிறப்பதற்குள் அவனால் சொந்தக் காலைத் தூக்கி வைக்க முடியாமல் போனது. கைகள் அசைந்தன, பேச்சு தெளிவாக இருந்தது, சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஞாயிறுதோறும் அணியில் ஆறு பேர் வந்து ஒரு கதவுப் பலகையில் அவனை வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஒருநாள் பலகை நடுவில் முறிந்தது.

"முன்னெல்லாம் உன்னப் புடிக்க முடியலன்னு அழுதானுங்க, மச்சான்," என்றான் ஒருவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்ப நாங்க அழுறோம், தூக்க முடியலன்னு."

சவேலியோ சிரித்தான். அடுத்த வாரம் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அந்த ஞாயிறு அவன் வீட்டிலேயே இருந்தான். அன்று மதியம் ஒரு தேங்காய்க்குப் பதிலாக ஒரு மாதத்து எடை மொத்தமாக ஏறியது. வீட்டின் நடுத்தூண் முனகியது. ஆராதனைக்குப் போனால் கொஞ்சம் ஏறும், போகாவிட்டால் இப்படி ஏறும் என்பது இயானெட்டாவுக்கு அன்று விளங்கிற்று. இரவு ஜெபம் முடிந்ததும் அவள் வெகுநேரம் பேசவில்லை. அவர்கள் வீட்டில் மௌனம் புதிதல்ல. இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமலே சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். இந்த மௌனத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் சாலையோரம் கிடந்த பழைய பேருந்தின் அச்சுத்தண்டை உருட்டிக்கொண்டு வந்தாள். பெரிய பிஸ்கட் டின்களில் சிமென்ட் ஊற்றி அதன் இரண்டு முனையிலும் மாட்டினாள். அதுவரை அவள் தூக்கிய கனமான பொருள் அவள் மகள் மரேத்தா. முதல் நாள் தண்டு தரையை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் வாரம் முழங்காலுக்கு வந்தது. மாரி முடியும்போது தோளுக்கு வந்தது. அதுவரை ஞாயிறுதோறும் அந்த ஆறு பேரையே மறுபடி கூப்பிட்டு அவனை அனுப்பிவைத்தாள். அந்த வார ஞாயிறு அவள் வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிந்து, தொப்பியைக் கழற்றி மகளிடம் கொடுத்து, கணவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏறு," என்றாள்.

"ஊரு சிரிக்கும், இயானெட்டா."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து ஒரு கை புடிப்பான்ல?"

அவன் அவள் தோளில் சாய்ந்தான். அவள் எழுந்தாள். ஊர் சிரிக்கவில்லை. வாசல்களில் சுட்ட கற்களின்மேல் சேப்பங்கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிழங்கு தீயாமல் இருக்க மறுபடி குனிந்துகொண்டார்கள்.

ஆனால் ஊர்ச்சபை கூடியது. ஞாயிற்றுக்கிழமை பாரம் சுமக்கக் கூடாது என்பது சாலெவாயோவின் பழைய சட்டம். மீறினால் அபராதம் பன்றிகளும் டின் மீன் பெட்டிகளும். தலைவர் மௌலோலோ அவளை அழைத்துக் கேட்டார்.

"நீ சுமந்தது பாரமா இல்லையாம்மா?"

"அவர் என் புருஷன், ஐயா."

"கோயில் மணிய விடக் கனமா இருக்காரே."

"கல்யாணம் பண்ணும்போது யாரும் நிறுத்துக் கொடுக்கலீங்களே, ஐயா."

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார். போதகர் எலியா குறுக்கிட்டு, பாவத்துக்கு எடை உண்டு, அவனவன் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டுமென்று வேதாகமத்து நிருபத்தில் எழுதியிருக்கிறது என்றார். அதே பக்கத்தில் சில வரிகளுக்கு முன்னால் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி எழுதியிருக்கிறதே, போதகரய்யா அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டீர்களா என்று இயானெட்டா கேட்டாள். பாவத்துக்கு எடை இருந்தால் இந்த ஊரில் எத்தனை வீடு இந்நேரம் கூரைவரை புதைந்திருக்கும் என்றும் கேட்டாள்.  சபையில் குடிக்கும் காவா வேர்ச்சாற்றுக் கிண்ணம் ஒரு சுற்று முடிந்து வந்தது. கடைசியில் மௌலோலோ தீர்ப்புச் சொன்னார். "பாரம் பாடாது. பாடிக்கிட்டு வந்தான்னா அவன் பாரம் இல்ல, ஆளு. பாடாம வந்தா அபராதம்."

சவேலியோவுக்குப் பாட வராது. அவனுக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றுதான், அதுவும் அறுப்புக்காலத் தோத்திரப் பாட்டு. வருஷம் முழுக்க, துக்க வெள்ளிக்கு முந்திய ஞாயிறுகளிலும்கூட, அவன் மனைவியின் தோளில் இருந்தபடி விளைச்சலுக்கு நன்றி சொல்லிப் பாடிக்கொண்டு போனான். மௌலோலோவின் வீட்டு முன்னால் மட்டும் பாட்டு நடுங்கும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டைக் கடக்கும்போது மன்னிப்புக் கேட்டு இடுப்பை வளைத்துப் போக வேண்டும். இயானெட்டா அந்த எடையோடு வளைந்து போனாள். அந்தப் பத்தடி தூரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் பயிற்சி செய்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு தேவாலயத்துக்குப் புதுப் படிகள் கட்டினார்கள். ஏழு படிகள், உயரமானவை. எடை வளர்ந்துகொண்டே இருந்ததில் ஒரு ஞாயிறு இயானெட்டா முதல் படியில் கால் வைத்தாள், அதற்கு மேல் எழ முடியவில்லை. இறக்கி வைத்தால் மறுபடி தூக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பிரசங்கம் முடியும்வரை அப்படியே நின்றாள். உள்ளே இருந்தவர்கள் போதகரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்கள். அன்று ஒரு சாவுக்காக அடுத்த தீவிலுள்ள தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்திருந்த கலேப்போ என்ற பளுதூக்கும் பயிற்சியாளர் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க முதுகுல ஒரு குறையும் இல்ல," என்றார் ஆராதனை முடிந்ததும். "பாதம்தான் தப்பு. வாத்து மாதிரி வைக்கிறீங்க. எங்கிட்ட வாங்க, படி ஏற வைக்கிறேன். ஆனா எனக்கும் ஒண்ணு செய்யணும். நாட்டுக்காகத் தூக்கணும்."

"நாடு எவ்வளவு கனம்?" என்று இயானெட்டா கேட்டாள். அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை படகில் போவாள், சனிக்கிழமை படகில் வருவாள். இப்படி இரண்டு வருஷம். மரேத்தா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பாதத்தைத் திருத்தவே மூன்று மாதம் ஆனது. முதல் படி உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ஏறினாள். மூன்றாவது படி பிள்ளைகளுக்கென்று கொண்டாடும் வெள்ளை ஞாயிறுக்கு வந்தது. நான்காவதில் ஒருமுறை முழங்கால் மடங்கி, ஒரு பருவம் முழுக்க மறுபடி கீழேயே நின்றாள். அப்போதும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஏழாவது படியில் அவள் கால் வைத்த அன்று சபையார் கைதட்டவில்லை. தேவாலயத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. போதகர் எலியா மட்டும் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, உட்கார இடம் விடச் சொன்னார்.

தீவுகளின் விளையாட்டுப் போட்டி அயல்தீவில் நடந்தது. அவள் முறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விமானத்தில் திரும்பிவிடலாம் என்றார் கலேப்போ. இயானெட்டாவுக்கு மனமில்லை. ஒரு ஞாயிறு தவறினால் என்ன ஏறும் என்று அவளுக்குத் தெரியும். அணியின் ஆறு பேரால் இப்போதே அவனைத் தூக்க முடியவில்லை. இந்த எடைக்கு மேல் ஒரு மாதத்து எடை ஏறினால் அவனை அவளோ வேறு யாருமோ இனி அசைக்க முடியாது.

"போ," என்றான் சவேலியோ. "வாக்குக் குடுத்துட்டு ஏய்க்கிறவளையா நான் கட்டினேன்?"

"விமானம் நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நீ மட்டுமா இருக்கே?"

அந்தப் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. போய்விட்டாள்.

போட்டியில் அவளுக்கு நேர்ந்த சிரமம் தண்டின் கனமின்மைதான். முதல் முறை தூக்கியபோது தண்டு கைக்கு மேலே பறந்து பின்னால் விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. நடுவர்கள் சிவப்பு விளக்குப் போட்டார்கள். தட்டுகளைக் கூட்டச் சொன்னாள். அரங்கில் இருந்த தட்டெல்லாம் மாட்டிய பிறகு ஓரளவு கனம் தெரிந்தது. அப்போதும் அந்தத் தண்டு ஊமையாக இருந்தது அவளுக்குத் தோதுப்படவில்லை. அவள் வாய்க்குள் விளைச்சல் பாட்டைப் பாடிக்கொண்டே அதைத் தலைக்குமேல் நிறுத்தினாள். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். சனிக்கிழமை புயல்மழை பிடித்துக்கொண்டது, விமானம் பறக்கவில்லை. ஞாயிறு முழுவதும் அவள் விமான நிலையத்துத் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கலேப்போ சோறு வாங்கி வந்து வைத்தார். அவள் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை பேருந்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை, சாலையிலேயே நின்றுவிட்டாள். கறுத்த எரிமலைப் பாறைமேல் போட்ட சாலை அது. அதில் அவள் வீட்டு வாசலிலிருந்து வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆண்காலின் அளவு, முழங்கால் ஆழம். குழிக்கும் குழிக்கும் நடுவே அரை அடிகூட இல்லை. அவள் அவற்றின் பக்கமாகவே நடந்தாள். மௌலோலோவின் வீட்டு முன்னால் இரண்டு பாதமும் ஒட்டி, மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தன. அங்கே அவன் வளைந்திருக்கிறான். மிச்சத்தை ஊரார் சொன்னார்கள். ஞாயிறு காலை கோயிலின் முதல் மணிக்கு எழுந்து நின்றானாம். மூச்சு இல்லாததால் பாடவில்லையாம். அபராதம் பற்றி மௌலோலோவும் பேச்செடுக்கவில்லையாம். பிடிக்கப் போனவர்களைக் கையை உதறித் தள்ளினானாம். அவன் வாசலுக்கு வந்தபோது ஆராதனை முடிந்து, வீடுகளில் கிழங்கு ஆறிப்போயிருந்தது. யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. போதகர் எலியா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து மறுபடி தொடங்கினாராம்.

படிகளைப் பார்த்ததும் இயானெட்டா தலையில் கை வைத்தாள். ஏழு படியும் நொறுங்கிச் சரளையாகக் கிடந்தன. வீட்டுக்கு விறுவிறுவென்று வந்தாள். சவேலியோ பாயில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் துணி சுற்றியிருந்தது.

"பாவி," என்றாள். "ரெண்டு வருஷம் நான் ஏறின படிய ஒரே நாள்ல தூளாக்கிட்டியே."

"நீ வராம நான் கூடிப்போயிட்டா, அப்புறம் உன்னால முடியாதேன்னு..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை அங்கேயே இருந்தாள். மரேத்தா விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அவன் நடந்து போன அந்த ஞாயிறு எடை கூடவில்லை என்று தராசு சொன்னது. அதன்பின் எந்த ஞாயிறும் கூடவில்லை, குறையவும் இல்லை. அடுத்த வாரம் நடந்தே வருகிறேன் என்று அவன் சொன்னான். அவள் தொப்பியை மகளிடம் கொடுத்துவிட்டுக் குந்தி, வாயை மூடிக்கொண்டு ஏறச் சொன்னாள். பிறகு ஒப்பந்தம் ஒன்று உண்டானது. போகும்போது அவள் சுமப்பாள், திரும்பும்போது அவன் நடப்பான்.

கலேப்போ இப்போது ஆப்பியாவில் மரேத்தாவுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அவள் பாதம் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருக்கிறது. மௌலோலோ மூப்படைந்து படுக்கையில் காலமானார். போதகர் எலியா வேறு தீவுக்கு மாற்றலாகிப் போனார். படிகளை மறுபடி கட்டவில்லை. சரளையைச் சமப்படுத்திச் சாய்தளமாக்கிவிட்டார்கள், வயதானவர்களுக்கு அது வசதி. சாலைப் பணியாளர்கள் குழிகளை இரண்டு முறை அடைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சவேலியோ இன்னும் அதே எடையில் இருக்கிறான். ஆராதனை ஒன்பது மணிக்கு. அவர்கள் இருவரும் எட்டரைக்கு வந்துவிடுவார்கள்.