முனையைச் சுற்றிப் போகும் கப்பல்

தபால்காரர் மணலில் கால் புதையப் புதைய வருவதைப் பார்த்ததும், மீன் கழுவிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். தம்பி எஸ்கிலின் கடிதம். இந்த முறை இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து.

கடிதம் வந்தால் உரக்கப் படிப்பது என் வேலை. அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். அப்பா காதில் விழாதவர் போல வலை பின்னிக்கொண்டிருப்பார். சொந்தத் தோணி இருக்க, சொல்லாமல் கப்பலேறிப் போய்விட்டானே என்ற கோபம் அவருக்கு மூன்று வருஷமாகத் தீரவில்லை. ஆனால் முன்னொரு கடிதத்தில், தென்கடலில் கப்பல் பாய் உறைந்து பலகையாகிப்போன கதையை நான் படித்தபோது அவர் கை ஓடாமல் நின்றதை நான் கவனித்திருக்கிறேன்.

"அக்கா, பிரேசில் காப்பியோடு ரீகா துறைமுகத்துக்குப் போகிறோம்" என்று எழுதியிருந்தான். "நம் ஸ்காகன் முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும்! கொஞ்சம் நின்று போகலாமா என்று கேப்டனிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நிற்காது. ஆனால் நான் முன்பாய்மரத்தின் உச்சியில் இருப்பேன். கறுப்புக் கப்பல், பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை. அப்பாவிடம் சொல். வேண்டாம், சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு."

அம்மா எழுந்தே விட்டாள்.

"நிக்காத கப்பலுக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" என்றார் அப்பா.

"நீங்க அந்த வலையவே கட்டிக்கிட்டு கெடங்க. நாங்க போய்ப் பாக்குறோம்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்களுக்கு மணல்மேடுதான் வீடு. எங்கள் முனையில் கப்பல்களுக்கா பஞ்சம்? கறுப்பாக எது தெரிந்தாலும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குவாள். "என்னடி மாரன், மகனுக்குப் பொண்ணு பாக்குறியா, கப்பல் பாக்குறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் அம்மாவைக் கேலி செய்தார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலை நாங்கள் மேட்டில் ஏறியபோது அப்பா முன்பே அங்கே நின்றிருந்தார். கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளப் பட்டைன்னுதான எழுதியிருந்தான்?" என்றார். அடுத்த நொடி கீழே ஓடிக்கொண்டிருந்தார். "தோணியத் தள்ளுங்கடா! எம்புள்ள போறான்!"

அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். தோணி தண்ணீரைத் தொட்டதும், தேவாலயத்துக்குப் போர்த்தும் ஞாயிற்றுக்கிழமைச் சால்வையோடு அம்மா உள்ளே கால் வைத்தாள். அவள் தோணியேறி நான் பார்த்ததே இல்லை.

"நீ எங்கடி வர்ற?"

"பெத்தவ நான். வாய மூடிக்கிட்டு வலிங்க."

அப்பாவும் நானும் ஆளுக்கொரு துடுப்புப் போட்டோம். நல்லவேளை, காற்று மந்தமாக இருந்தது. கப்பல் நெருங்க நெருங்க மலை போல உயர்ந்தது. முன்பாய்மரத்தின் உச்சியில் ஓர் உருவம் இரண்டு கைகளையும் ஆட்டியது. பிறகு கயிற்றைப் பற்றிச் சறுக்கி இறங்கி ஓரத்துக்கு ஓடி வந்தது. தாடி வைத்த ஆள். யாரோ என்று நினைத்தேன்.

"அக்கா! பிடி!"

வடம் ஒன்று பறந்து வந்து எங்கள் மடியில் விழுந்தது. அப்பா அதைத் தோணியின் முன்பலகையில் சுற்றிப் பிடித்தார். தோணி ஒரு குலுக்குக் குலுக்கிக் கப்பலோடு ஓடத் தொடங்கியது. அம்மா சிரித்தாள், அழுதாள், சால்வையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அப்பா, மீன் கெடைக்குதா?" என்று கத்தினான் எஸ்கில். எத்தனையோ இருக்க, அதைத்தான் கேட்டான்.

"கெடைக்குது, கெடைக்குது! நீ ஒழுங்கா சாப்பிடுறியாடா?"

"சாப்பிடுறேம்ப்பா!"

மேலே கேப்டன் எட்டிப் பார்த்தார். "காத்து ஏறுது, பெரியவரே! வடத்த விடுங்க!"

பாய்கள் படபடவென்று விரிந்தன. தோணியின் இருபுறமும் நுரை எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது. கரையில் நின்றவர்கள் புள்ளிகளாகிவிட்டார்கள். "விடுப்பா" என்று எஸ்கிலும் சிரித்துக்கொண்டே கத்தினான்.

அப்பா காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, வடத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.